அகலம் போதாத இடங்கள்

மதுரையில் வைகைக்கு வடகரையில், அண்ணா நகரையும் கே.கே. நகரையும் ஒட்டிச் செல்லும் ஒரு சாலைக்கு அரசனுடைய பெயரோ, தலைவருடைய பெயரோ, தெய்வத்தின் பெயரோ வாய்க்காமல், அதன் அகலமே பெயராக வாய்த்துவிட்டது. எண்பது அடி ரோடு என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. நதியைக் கடந்து தென்கரைக்குப் போனால் வீதிகளின் பெயர்கள் வேறு ஜாதியைச் சேர்ந்தவை: சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி என்று திருவிழாக்கள் நடக்கும் மாதங்களையும் நட்சத்திரத்தையும் தாங்கி, கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அவை கிடக்கின்றன. உற்சவத்தால் தன் வீதிகளை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஊர், பிற்காலத்தில் அடிக்கணக்கால் அடையாளம் சொல்லத் தலைப்பட்டதென்றால், அகலம் என்பது இடைக்காலத்தில் பெருமைப்படத்தக்க அரிய பண்டமாகிவிட்டது என்றுதான் அர்த்தம் கொள்ளவேண்டும்.

குறுகல் என்பதை நாம் பெரும்பாலும் ஒரு குறையாகவே பேசுகிறோம். குறுகிய தெரு, குறுகிய வாசல், குறுகிய வாக்கு வித்தியாசம், குறுகிய மனப்பான்மை என்று எதைச் சொன்னாலும் அதில் ஒரு முகச்சுளிப்பு தொனிக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானித்து யோசித்தால், எந்தப் பொருளும் தானாகவே குறுகியதாக இருக்க முடியாதென்பது புலப்படும். ஒரு வழியின் அகலத்தை அளவுகோல் சொல்லிவிடும். அது குறுகியதா இல்லையா என்பதை, அதன் வழியே போகவேண்டியது எதுவோ அதுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வலம் வருவது நல்ல பொழுதுபோக்கு. சில இடங்களில் பொழுதுபோக்குக்கு மேற்பட்ட விஷயமும் அகப்படுகிறது.

மாசி வீதிகளை முதலில் பார்ப்போம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் தேரேறி வருவது இந்த நான்கு வீதிகளில்தான். மாசி மாதத்தில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் தம் ஆட்சிக் காலத்தில் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தோடு இணைத்தார் என்பதும், வீதியின் பெயர் மட்டும் மாறாமல் பழைய மாதத்திலேயே நின்றுவிட்டதென்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தேர் ஓடவேண்டும், மூலையில் திரும்பவேண்டும், வடம் பிடிக்கும் ஜனங்களும் ஓரத்தில் நின்று சேவிக்கும் ஜனங்களும் நசுங்காமல் இருக்கவேண்டும் என்ற கணக்கு அந்த வீதிகளின் அகலத்தில் அடங்கியிருக்கிறது. ஆண்டில் ஒரு நாள் வரும் தேருக்காக அளந்த வீதி, மற்ற நாட்களில் வண்டிக்கும் வியாபாரத்துக்கும் தாராளமாகவே இருந்திருக்கும்.

அந்த வீதிகளிலிருந்து பிரிந்து உள்ளே நுழையும் சந்துகளும் முடுக்குகளும் வேறு கணக்கில் பிறந்தவை. தலையில் சுமையுடன் வருபவனுக்கு எதிரே தண்ணீர்க் குடத்துடன் ஒருத்தி வந்தால் இருவரும் இடித்துக்கொள்ளாமல் விலகிப் போகவேண்டும். அவ்வளவு அகலம் போதும் என்பதே அந்தக் கணக்கு. சித்திரை வைகாசியில் மதுரை எப்படிக் கொளுத்தும் என்பதை அனுபவித்தவர்களுக்கு, இரண்டு பக்கத்துச் சுவர்களும் நெருங்கி நின்று ஒன்றின் நிழலை மற்றதன் காலடியில் விரிக்கும் ஒரு முடுக்கின் அருமை தெரியும். உச்சிப் பொழுதைத் தவிர்த்து மற்ற நேரமெல்லாம் அங்கே தரை குளிர்ந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டுக்காரரோடு குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ளலாம். கே.கே. நகரின் அகன்ற சாலையில் மதிய வேளையில் நிழல் தேடி நடந்து பார்த்தவர்கள், விசாலத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொள்வார்கள். நவீன நகர நிர்மாணத்தில் முப்பதடி நாற்பதடி என்று பேசுகிறவர்கள் மரத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

இந்தப் பழைய நகரத்தை முதன்முதலில் பெரிய அளவில் அகலப்படுத்தியவர் ஜான் பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயக் கலெக்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மதுரை ஒரு கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தது. சுற்றிலும் மதில், மதிலுக்கு வெளியே அகழி. பகைவர் வருகை நின்றுபோன காலத்தில் அந்த மதில் காற்றையும் ஜனப்பெருக்கத்தையும் தடுப்பதைத் தவிர வேறெதையும் தடுக்கவில்லை. பிளாக்பர்ன் ஒரு யுக்தி செய்தார். மதிலின் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்த்துச் சமன் செய்கிறவர்களுக்கு, அங்கே உண்டாகும் நிலம் கொடுக்கப்படும் என்று அறிவித்தார். சர்க்கார் கஜானாவுக்கு அதிகச் செலவில்லாமல் கோட்டை மறைந்தது. நகரத்துக்கு வெளி வீதிகளும், நில அளவையாளர் மாரெட்டின் பெயரையும் மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் தாங்கிய வீதிகளும் கிடைத்தன. கலெக்டரின் நினைவாக ஊரார் நிறுவிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றி ஜவுளிக்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் நெரிசலைப் பார்த்தால், ஊரை அகலப்படுத்தியவருக்கு ஞாபகச்சின்னம் வைக்க இதைவிட இறுக்கமான இடம் அகப்படவில்லையோ என்று தோன்றும்.

அந்த விளக்குத்தூணுக்குப் பக்கத்தில்தான், நவபத்கானா தெருவில், 2020-ஆம் ஆண்டு தீபாவளியன்று ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. பழங்காலத்துக் கட்டடம், தீயணைப்பு வீரர்கள் நெருப்போடு போராடிக்கொண்டிருக்கையில் அது இடிந்து விழுந்து இருவர் மாண்டனர், வேறு இருவர் காயமடைந்தனர். நடந்து போகிறவர்களுக்கும் கைவண்டிக்கும் அளந்த சந்துகளில் இன்று மூன்று மாடி நான்கு மாடிச் சரக்கு அடைபட்டிருக்கிறது. முன்பு ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில் இன்று ஒரு கிட்டங்கி. முன்பு ஒரு மாட்டுவண்டி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போன சரக்கை இன்று லாரிகள் சுமந்து வருகின்றன. தெருவின் அகலம் ஓர் அங்குலமும் குறையவில்லை என்றாலும் தெரு குறுகிவிட்டது. தீயணைப்பு வண்டி நுழைவதற்கும், ஆம்புலன்ஸ் திரும்புவதற்கும் என்ன வேண்டும் என்பதை அளந்து பார்க்காமல் கட்டடத்துக்கு மேல் கட்டடம் எழும்ப விட்டவர்கள் பல தலைமுறையினர். ஒருவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் பழைய நகரத்துக்குள் சரக்கு அடுக்கிவைக்கும் உரிமத்தை இனியாவது தெருவின் அகலத்தோடு சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தண்ணீரின் விஷயமும் இப்படித்தான். 2024 அக்டோபரில் வடகரையில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால், வயல்களுக்கிடையே ஓடிய காலத்தில் குறுகியதாக யாருக்கும் தோன்றியிருக்காது. சுற்றிலும் இருந்த மண்ணெல்லாம் சிமெண்டாகி, குடிக்க வேண்டிய நீரையும் அது குடியாமல் வாய்க்காலுக்கே தள்ளத் தொடங்கியபோதுதான் அகலம் போதாமற் போயிற்று.

குறுகலைக் கொண்டாடிய கதை ஒன்றும் நம்மிடம் உண்டு. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், பொய்கையாழ்வார் ஒதுங்க இடம் தேடி ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நடையில், படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். பேயாழ்வாரும் வந்து சேர, இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். அந்த இருட்டில் நான்காவதாக ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரென்று காண்பதற்காகவே முதல் இருவரும் ஆளுக்கு ஓர் அந்தாதியாக விளக்கேற்ற, பேயாழ்வார் கண்டு பாடினார் என்பது வைணவ சம்பிரதாயம். முதல் மூன்று திருவந்தாதிகளுக்கும் பிறப்பிடம் அந்த இடைகழிதான். விசாலமான மண்டபம் ஒன்று அன்றிரவு அவர்களுக்குக் கிடைத்திருந்தால், ஆளுக்கொரு மூலையில் துண்டை விரித்துத் தூங்கியிருப்பார்கள். பெருமாள் வந்து நின்றதும் தெரிந்திராது. நெருக்கம் இருந்ததனால்தான் நான்காமவரின் ஸ்பரிசம் தெரிந்தது. நம் பழைய வீடுகளின் ரேழியில் நின்று பேசும் பேச்சுக்குக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சைவிட அந்தரங்கம் அதிகம் என்பதைப் பாட்டிமார் அறிவார்கள்.

இனி இரும்புப் பாதைக்கு வருவோம். மதுரைக்காரர்களின் மூன்று தலைமுறைக்கு ரயில் என்றால் மீட்டர்கேஜ்தான். இந்தியாவில் முதலில் போடப்பட்ட பாதைகள், டல்ஹௌசி பிரபுவின் காலத்துத் தீர்மானப்படி, தண்டவாளங்களுக்கிடையே ஐந்தரை அடி, அதாவது 1,676 மில்லிமீட்டர், இடைவெளி கொண்டவை. அந்தச் செலவில் நாடு முழுவதற்கும் ரயில் போடக் கட்டுப்படியாகாதென்று கண்ட மேயோ பிரபுவின் சர்க்கார், 1870-ஐ ஒட்டி, மலிவான ஓர் அளவைத் தேடியது. இந்தியா மெட்ரிக் அளவை முறைக்கு மாறப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அப்போது இருந்தபடியால், இடைவெளியைச் சரியாக ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். அளவை முறை மாறுவதற்கு மேலும் 80 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்பது வேறு கதை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு அகலப் பாதையாகப் போட்ட தடத்தையே பிடுங்கி மீட்டராகக் குறுக்கினார்கள் என்றால், சிக்கனத்தின் மேல் இருந்த பிடிப்பு எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம். மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தபோது மீட்டர்கேஜாகவே வந்தது.

உலகத்துப் பொறியாளர்கள் கணக்கில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி எல்லாமே குறுகிய பாதை. நம் ரயில்வேயோ மீட்டர்கேஜைக் குறுகிய பாதை என்று சொல்லாமல் தனி வர்க்கமாக வைத்து, இரண்டரை அடி, இரண்டடிப் பாதைகளுக்கு மட்டுமே நாரோ கேஜ் என்ற பெயரைக் கொடுத்தது. ஓரிடத்தில் குறுகியது இன்னோரிடத்தில் நடுத்தரம். கணக்கு அவ்வளவு நெகிழ்ந்தது. மீட்டர்கேஜின் லாபம் வெளிப்படையானது: வளைவுகள் இறுக்கமாக இருக்கலாம், கரைகளும் பாலங்களும் சிறியனவாக இருக்கலாம், தண்டவாளம் இலேசாக இருக்கலாம். நஷ்டம் எல்லையில்தான் தெரியும். மதுரையிலிருந்து வடக்கே தூரப் பிரயாணம் போனவர்கள் சென்னை எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு வண்டி பிடித்து சென்ட்ரலுக்குப் போய் அகலப் பாதை ரயிலில் ஏறவேண்டியிருந்தது. மனிதர்கள் இறங்கி ஏறுவார்கள். நெல்லும் சிமெண்டும் தாமாக இறங்கி ஏறுமா? ஒவ்வொரு மூட்டையும் ஒரு கூலியாளின் முதுகைக் கண்டாக வேண்டும். 1992-இல் நாடு முழுவதும் ஒரே பாதை என்ற திட்டம் வந்ததற்கு முக்கியக் காரணம் இந்த இறக்கி ஏற்றும் தொல்லை.

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குச் செல்லும் தடம் இதற்கு ஏற்ற உதாரணம். சுமார் 90 கிலோமீட்டர். 1928-இல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்டது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஜனங்களுக்கு அதுதான் மதுரைக்கு வழி. போடி ஏலக்காய்க்கும் அதுதான் வழி. அகலப்படுத்துவதற்காக 2010 டிசம்பர் 31-உடன் அதை நிறுத்தினார்கள். நிறுத்திய பாதை தேனி வரை மீண்டும் உயிர்பெற 2022 மே மாதம் ஆயிற்று. போடியை எட்ட 2023 ஜூன். பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்களுக்கு அகலப் பாதையும் இல்லை, குறுகிய பாதையும் இல்லை. குறுகலாக இருக்கிறது என்று ஒரு வழியை மூடுகிறவர்கள், அகலமாகத் திறக்கும் தேதியையும் கையில் வைத்துக்கொண்டல்லவா மூடவேண்டும்?

போடிக்கு மேலே மலையில் இன்னும் குறுகிய ஒரு ரயில் ஒரு காலத்தில் ஓடியது என்பதை இன்று பலர் அறியார். மூணாற்றுத் தேயிலையை மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர, 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஏற்பாடு செய்தார்கள். 1908-இல் அதை இரண்டடி இடைவெளி கொண்ட ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. மலைச்சரிவில் ஐந்தரை அடிப் பாதைக்கு இடம் வெட்ட எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகியிராது; இரண்டடிதான் அந்த மலை அனுமதித்த அளவு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையைத் துடைத்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு யாரும் அதைப் போடவில்லை.

மறுபடி கே.கே. நகர்ப் பக்கம் இறங்கிவந்தால், மாட்டுத்தாவணி அருகே சில காலம் முன்வரை ஒரு தோரண வாயில் நின்றது. 1981-இல் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது எழுப்பப்பட்டது; நக்கீரர் பெயரைத் தாங்கியது. அந்நாளில் அதன் கீழே போன வாகனங்களுக்கு அது வரவேற்பு. பேருந்து நிலையம் மாட்டுத்தாவணிக்கு வந்து, நாற்புறத்துப் பேருந்துகளும் அங்கே திரண்ட பின்னர் அதே வாயில் இடையூறு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அகற்றும்படி உத்தரவாகி, 2025 பிப்ரவரியில் இரவு வேளையில் இடித்தபோது தூண் சரிந்து இயந்திரத்தை இயக்கியவர் உயிரிழந்தார். வரவேற்பதற்காகக் கட்டிய வாயில் ஒரு தொழிலாளியின் உயிரைக் கொண்டுபோயிற்று என்பது மனத்தை வருத்துகிறது. புதிதாக அலங்கார வளைவு கட்ட ஆசைப்படுகிறவர்கள் ஐம்பது ஆண்டுக்குப் பிந்திய போக்குவரத்தை மனத்தில் வைத்துக் கட்டட்டும். முடியாதென்றால் சாலையோரத்தில் ஒரு சிலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது: 2004 முதல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நடப்பதால், சட்டத்தைக் குறுக்கிப் பொருள்கொள்வதா, விரித்துப் பொருள்கொள்வதா என்ற பேச்சு இந்தப் பக்கத்து டீக்கடைகளிலும் காதில் விழும். தண்டனை விதிக்கும் சட்டத்தையும் வரி விதிக்கும் சட்டத்தையும் எழுத்துக்கு மேல் ஒரு நூலிழையும் விரிக்காமல் படிக்கவேண்டும் என்பதும், தொழிலாளர் நலச் சட்டம் போன்றவற்றைத் தாராளமாகப் படிக்கலாம் என்பதும் பொதுவான நெறி. பிரஜைக்குத் தீங்கு வரக்கூடிய வாசல் குறுகலாகவும், நன்மை வரக்கூடிய வாசல் அகலமாகவும் இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் உகந்தது.

வாக்கெடுப்புகளில் குறுகிய வித்தியாசம் என்பதற்கு உதாரணம் தேடி அலையவேண்டாம். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. 2016-இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்கு. திருமங்கலத்தையும் திருப்பரங்குன்றத்தையும் தன்னுள் கொண்ட விருதுநகர் மக்களவைத் தொகுதியில் 2024-இல் 4,379. ஐந்தாண்டு அதிகாரம் ஒரு தெருவில் வசிப்பவர்களின் கையில் நின்றது என்பதைத் தவிர இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. குறுகிய மனம் என்பதைப் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. பிறர் மனத்தை மட்டுமே அதைக்கொண்டு அளக்கிறோம், நம்முடையதை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறுகல். கே.கே. நகருக்கு அடுத்த அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டு வாதத்தால் முறுக்கிக்கொண்ட விரல்களை வைத்துக்கொண்டு, 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அது. அங்கே நாள்தோறும் வருகிற வியாதிகளில் ஒன்று கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். அதில் ஒரு வகைக்குக் காரணம் முழுக்க முழுக்க அகலம் போதாமைதான்.

கண்ணுக்குள்ளே ஒரு திரவம் இடையறாது சுரந்து, கண்மணியின் துவாரம் வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழிக்கும் அதன் பின்னுள்ள வண்ணத் திரைக்கும் இடையே அமைந்த கோணத்தின் வழியாக வடிந்து வெளியேறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கோணம் ஒடுக்கம். இளமையில் அதனால் பாதகம் இல்லை. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் பருத்து, திரையை முன்னே தள்ளி, கோணத்தை மேலும் இறுக்குகிறது. ஒரு நாள் இருட்டில், சினிமாக் கொட்டகையிலோ மின்சாரம் போன வீட்டிலோ, கண்மணி விரியும்போது திரை மடிந்து கோணத்தை அடைத்துவிடுகிறது. சாதாரணமாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும் அழுத்தம் சில மணி நேரத்தில் நாற்பதையும் தாண்டும். கண் சிவக்கும், தலை பிளக்கும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், வாந்தி வரும். வாந்தியைக் கண்டு பித்தம் என்றும், தலைவலியைக் கண்டு ஒற்றைத் தலைவலி என்றும் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் பார்வை நரம்பு கெட்டுவிடும். கெட்ட நரம்பு மீள்வதில்லை. இவ்வளவு ஆர்ப்பாட்டமில்லாமல், வலியே தெரியாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பார்வையின் ஓரங்களை அரிக்கும் வகையும் உண்டு. பெண்களுக்கும், ஆசிய இனத்தவருக்கும், ‘பிளஸ்’ கண்ணாடி போடும் தூரப்பார்வைக்காரர்களுக்கும் இந்தக் கோண ஒடுக்க நோய் கூடுதலாக வருகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால், லேசர் கொண்டு வண்ணத் திரையில் ஊசிமுனைத் துவாரம் ஒன்று இட்டு, திரவத்துக்கு வேறு வழி செய்துவிடுகிறார்கள்; சில நிமிஷ வேலை.

ஆகவே நாற்பது வயது கடந்தவர்கள், முக்கியமாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்த நோய் இருந்திருந்தால், கண்ணாடி மாற்றப் போகும்போது எழுத்துப் பலகையை வாசித்துக் காட்டியதோடு திரும்பிவிடாமல், அழுத்தத்தையும் கோணத்தையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கோனியோஸ்கோபி என்பது அந்தக் கோணப் பரிசோதனையின் பெயர். சொட்டுமருந்து விட்டு, ஒரு சிறிய லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள், வலி இராது. கோணம் ஒடுக்கம் என்று சொல்லிவிட்டால், ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவற்றில் சில கண்மணியை விரியச் செய்பவை.